புல்லுக்கு எழுபது குடம்!

2019-ஆம் வருஷம் ஜூன் மாதம். சென்னைவாசிகளுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. அடுத்த மாதம் 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் கொண்டு வந்தார்கள். 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர்! எங்கள் காலனியில் வீட்டுக் கிணறு, போர் எல்லாம் கை விரித்து விட்டன. லாரி எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால், போட்டது போட்டபடி குடத்தைத் தூக்கிக் கொண்டு ஓடுவோம்.

அப்படி ஒரு ராத்திரி லாரி வரவே இல்லை. காலிக் குடங்களுடன் எங்கள் காலனி பார்க்கை ஒட்டித் திரும்பிக் கொண்டிருந்தேன். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், புல்தரைக்குத் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்துக் கொண்டிருக்கிறது! கேட் பக்கத்தில் வாட்ச்மேனின் சம்சாரம் இரண்டு குடத்தை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, செக்ரட்டரி ஐயாகிட்டே ஒரு வார்த்தை சொல்லுங்களேன். புல்லுக்குப் போற தண்ணியிலே ரெண்டு கொடம் புடிச்சுக்கறேன். கொழந்தைத் துணி அலசி மூணு நாளாச்சு" என்றாள்.

மறுநாள் சொன்னேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க, மேடம். பார்க் போரும் வத்திடும். அத்தனை பணம் போட்டு வளர்த்த புல்" என்று பதில் வந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் புல்லுக்காகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி!

புல் வந்த கதை

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்ததே, அன்றைக்கு எங்கள் பார்க்கில் இருந்த குல்மோகர் மரங்களும் தூங்குமூஞ்சி மரமும் வேரோடு சாய்ந்து விட்டன. மூலையில் நின்ற வேம்பும் பூவரசும் கிளை ஒடிந்ததோடு தப்பித்தன. அப்போதே நாங்கள் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. 'வெட்டவெளியாகி விட்டதே, அழகாகப் பச்சைப் பசேலென்று கொரியன் புல் போட்டு விடலாம்' என்று கமிட்டி சொன்னது. சினிமாவில் வருகிற தோட்டம் மாதிரி இருக்குமே என்று நாங்களும் தலையாட்டினோம்.

எதிர் வீட்டு மாமியின் பிள்ளை விவசாயக் கல்லூரியில் படித்தவன். அவனைக் கூப்பிட்டு, "இந்தப் புல் எவ்வளவு தண்ணீர்டா குடிக்கும்?" என்று கேட்டேன். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

நம் ஊர் கோடை வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்தரை, நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீரை ஆவியாக விட்டு விடுகிறதாம். எங்கள் புல்தரை ஒரு கிரவுண்டு. அதாவது 2,400 சதுர அடி. மீட்டர் கணக்கில் 223. ஆக, தினமும் 1,100 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக் கொண்டால், எழுபதுக்கும் மேலே!

எழுபது குடம்! ஒருத்தி இரண்டு குடத்துக்காக ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறாள். பக்கத்திலேயே புல் எழுபது குடம் குடித்து விட்டுச் சுகமாகப் படுத்திருக்கிறது.

"அப்படின்னா பார்க்கே வேண்டாங்கறீங்களா? கட்டாந்தரையா விட்டுடலாமா?" என்று ஜூலை மாதக் கூட்டத்தில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. பசங்களுக்கு விளையாட இடம் வேண்டும், வயசானவர்களுக்குக் காலாற நடக்க நிழல் வேண்டும். பார்க் வேண்டும்தான். ஆனால் எழுபது குடம் கேட்காத பார்க் உண்டா?

"மதில் ஓரம் ஒரு மூலையை எடுத்துக்குங்க. என்ன செய்யறீங்கன்னு பார்க்கலாம்" என்றார் செக்ரட்டரி. பாதி கேலிதான், இருந்தாலும் இடம் கிடைத்து விட்டது.

அவசரக்காரிக்கு வந்த வினை

நாட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். உடனே வனத்துறை நாற்றங்காலுக்குப் போய் முப்பது கன்று வாங்கி வந்து, அந்த ஆனி மாத வெயிலிலேயே நட்டேன். நாட்டுச் செடிதானே, தானாக வளரும் என்று விட்டு விட்டேன். மூன்றே வாரத்தில் இருபத்தைந்து கன்று கருகிப் போயின. மாலையில் நடக்க வருகிறவர்கள், "என்ன மேடம், விறகுத் தோட்டமா?" என்று கேட்டு விட்டுப் போனார்கள்.

அப்போது எனக்குப் புத்தி சொன்னது அதே வாட்ச்மேன் சம்சாரம்தான். "ஆவாரையும் நொச்சியும் எங்க ஊர்ல வேலியோரம் தானா மொளைக்கும்மா. ஆனா அதுவும் மழையிலேதான் மொளைக்கும். ஆனி வெயில்ல புடுங்கி நட்டா யாரு பொழைப்பா? பொரட்டாசி வரட்டும்" என்றாள்.

அவள் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்! நாட்டுச் செடிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பது, அது வேர் பிடித்த பிறகுதான். நட்ட முதல் இரண்டு கோடைக்கு அதுவும் கைக்குழந்தைதான்.

காடு கற்றுக் கொடுத்த பாடம்

அந்த ஆகஸ்டில் என் மகளின் பள்ளியிலிருந்து தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அடையாறு கடலில் கலக்கிற இடத்தின் உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கரில் அமைத்து, 2011 ஜனவரியில் திறந்த பூங்கா இது. அதற்கு முன்னால் அந்த இடம் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டுகிற இடமாக இருந்தது. அதையெல்லாம் அகற்றி, மழை நீர் தங்கக் குளம் வெட்டி, இந்தக் கடற்கரைச் சீமைக்கே உரிய மரம், செடி, கொடிகளாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள். அவ்வளவு வறட்சிக்குப் பிறகும் அவை பச்சையாக நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு பாண்டிச்சேரிக்குப் போகும்போது, வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் இறங்கிப் பார்த்தோம். சாமி காடு என்பதால் ஜனங்கள் கை வைக்காமல் விட்டு வைத்த காடு. உள்ளே போனால் வெளியே இருந்த வெயிலே மறந்து போயிற்று. அங்கே யார் மோட்டார் போடுகிறார்கள்? யார் உரம் வைக்கிறார்கள்?

விவசாயக் கல்லூரிப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவன் காரணத்தை விளக்கினான். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைவில்லைதான். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்து விடுகிறது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் வெயில். இந்தப் பழக்கத்துக்கு ஏற்றாற்போல நம் கடற்கரைக் காட்டு மரங்கள் தங்களை அமைத்துக் கொண்டிருக்கின்றன. காயா, வீரை, பாலை, கருங்காலி இவற்றின் இலையைத் தொட்டுப் பாருங்கள். தோல் மாதிரி தடிப்பாக, பளபளவென்று இருக்கும். அந்த மேல்பூச்சு, உள்ளே இருக்கிற ஈரத்தை எளிதில் வெளியே விடாது. சரக்கொன்றை வேறு மாதிரிக் கெட்டிக்காரி. வெயில் ஏறும்போது இலையை உதிர்த்துச் செலவைக் குறைத்துக் கொண்டு, பிறகு சரம் சரமாகப் பூத்துக் குலுங்கும். இவற்றின் வேர்கள் தண்ணீரைத் தேடி ஆழமாக இறங்கும். நம் புல்லுக்கோ வேர் ஒரு சாணுக்குள்தான். மேல் மண் காய்ந்தால் அதுவும் காய்ந்தது.

இது நமக்கு மட்டும் வந்த ஞானோதயம் இல்லை. அமெரிக்காவில் டென்வர் நகரத்தின் தண்ணீர் நிர்வாகம் 1981-லேயே, வறண்ட பூமிக்கு ஏற்ற இப்படிப்பட்ட தோட்ட முறைக்கு 'ஜெரிஸ்கேப்' என்று பெயர் வைத்து ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது. நம் பக்கத்திலேயே ஆரோவில் தாவரவியல் தோட்டமும் 2000-லிருந்து 50 ஏக்கரில் இந்தக் கடற்கரைக் காட்டு இனங்களை வளர்த்துக் காப்பாற்றி வருகிறது.

புரட்டாசியில் மறுபடியும்

புரட்டாசியில் அதே மதில் ஓரம் முப்பத்திரண்டு கன்று நட்டோம். இந்தத் தடவை முறையாக. நீங்களும் செய்து பார்க்க, எப்படி என்று எழுதுகிறேன்.

குழி இரண்டடி ஆழம். தோண்டிய மண்ணோடு மக்கிய எரு கலந்து மூட வேண்டும். கன்றைச் சுற்றி வட்டப் பாத்தி. பாத்தியில் நாலு விரல் கனத்துக்குச் சருகு பரப்ப வேண்டும். வெயில் நேராக மண்ணில் படாது, ஈரம் நிற்கும், களையும் குறையும். முன்பெல்லாம் எங்கள் பார்க்கில் சருகைக் கூட்டிக் கொளுத்துவார்கள். அந்தப் புகையில் என் மாமியாருக்கு இளைப்பு வந்து விடும். சருகைப் பாத்தியில் போட ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லை.

பொங்கலுக்கு வாங்கிய பழைய மண்பானைகளைக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்தோம். பானையை நிரப்பி விட்டால், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேருக்குப் போகும். ஆனால் ஒன்று, பானையை மூடாமல் விடாதீர்கள்! டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்ததாகி விடும். ஓட்டை இல்லாத மூடி போட்டு, இடைவெளி இல்லாமல் துணியால் கட்டி விடுங்கள்.

தண்ணீர் விடும்போது தினமும் கொஞ்சம் தெளிக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு, ஆழமாக இறங்கும்படி விட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சோம்பேறியாக உட்கார்ந்து விடும்.

தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று மழை நாளில் பார்த்து, தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டி ஜல்லியும் மணலும் நிரப்பினோம். விளிம்பில் வெட்டிவேர் வைத்தோம். அதன் வேர் மண்ணை இறுகப் பிடித்துக் கொள்ளும். 2003-லேயே நம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழை நீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதே விஷயம்தான். ஒரு கிரவுண்டு நிலத்தில் ஒரு வருஷத்தில் விழுகிற மழை 3 லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் லாரியானால் 26 லாரி! அத்தனையையும் சாக்கடைக்கு அனுப்பி விட்டு, லாரிக்காகக் குடத்துடன் நின்றோமே, இதை என்னவென்று சொல்வது!

தீர்ப்பு சொன்னது ஊரடங்கு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பார்க்கைப் பூட்டி விட்டார்கள். தோட்டக்காரர் வர முடியவில்லை. ஊருக்குப் போன வாட்ச்மேன் குடும்பம் அங்கேயே மாட்டிக் கொண்டது. மோட்டாரைத் தொட ஆள் இல்லை. என் வீட்டு மதிலை ஒட்டி இருந்த எட்டுக் கன்றுக்கு மட்டும் அரிசி களைந்த தண்ணீரை மதில் மேலிருந்து ஊற்றி வந்தேன். மற்றவற்றைக் கடவுளிடம் விட்டு விட்டேன்.

பூட்டைத் திறந்தபோது எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்தோம். புல்தரை வைக்கோலாகக் கிடந்தது. என் எட்டுக் கன்றும் பிழைத்திருந்தன. யாரும் தண்ணீர் விடாத இருபத்து நாலில் ஒன்பது போய் விட்டன. பதினைந்து துளிர்த்து நின்றன! ஆவாரை ஒன்று பூவே வைத்து விட்டது.

செக்ரட்டரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டு நின்றார். "இந்தப் புரட்டாசிக்கு எவ்வளவு கன்று வேணும், மேடம்?" என்று மட்டும் கேட்டார். நானும் பழையதைக் கிளறவில்லை.

எங்கே எதை வைத்தோம்?

வேலி ஓரம்: நொச்சி, ஆடாதோடை. இரண்டையும் ஆடு கடிக்காது. ஆடு தொடாத இலை என்பதால்தானே அந்தப் பெயர்! கூடவே களாச் செடி. முள் வேலிக்கு வேலி, ஊறுகாய்க்குக் காய்.

நடைபாதை நிழலுக்கு: புங்கை, வேம்பு, மகிழம், பூவரசு. கடற்காற்று வீசுகிற பகுதியானால் புன்னை.

கண்ணுக்கு அழகாக: சரக்கொன்றை, ஆவாரை, காயா. 'காயாம்பூ வண்ணன்' என்று பெருமாளைச் சொல்கிறோமே தவிர, அந்த நீலப் பூவை நான் கண்ணால் பார்த்தது இந்தப் பார்க்கில்தான்.

பூஜைக்கு: நந்தியாவட்டை, பவளமல்லி, வில்வம்.

தரையில் படர: பொடுதலை. பொடுகுக்குத் தைலம் காய்ச்சுவோமே, அதேதான். புல் மாதிரியே நெருக்கமாகப் படர்ந்து, குட்டிக் குட்டிப் பூ வைக்கும். கால் பட்டாலும் தாங்கும்.

புல்லை முழுக்க விரட்டி விடவில்லை. குழந்தைகள் உருண்டு விளையாட ஒரு சின்னச் சதுரம் வைத்திருக்கிறோம். உபயோகப்படுகிற இடத்தில் புல் இருக்கட்டும். யாரும் கால் வைக்கக் கூடாது என்று போர்டு மாட்டி வைக்கிற புல் எதற்கு?

இரண்டு எச்சரிக்கைகள். நாட்டுச் செடி என்றாலே தண்ணீர் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மருத மரம் ஆற்றங்கரைக்காரி, அவளை வறண்ட மேட்டில் வைத்தால் ஏங்கிப் போவாள். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நம் முன்னோர் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மரம், பூ என்று சொல்லி வைத்தார்களே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். அதே போல, தண்ணீர் கேட்காததெல்லாம் நல்லது என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் வறட்சியைத் தாங்கும்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் வேறு எதையும் வாழ விடாது.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். கோடையில் எங்கள் பார்க் சினிமாத் தோட்டம் மாதிரி இருக்காது. சில மரம் இலை கொட்டி நிற்கும். புதிதாகக் குடி வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "ஒரு மழை வரட்டும், அப்புறம் பாருங்க" என்பேன்.

சகோதரிகளே, உங்கள் தெருப் பார்க்குக்கு இன்று சாயங்காலம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தினமும் எத்தனை குடம் செலவாகிறது? மழைத் தண்ணீர் எங்கே போகிறது? கார்ப்பரேஷன் பார்க்கானால் அனுமதி வாங்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். நாலு பெண்கள் சேர்ந்து மனு கொடுங்கள். ஒரு மூலை கேளுங்கள், போதும். ஆனால் ஆனியில் நட்டு விடாதீர்கள்!

எங்கள் பார்க்கில் முன்பு தினமும் ஓடின மோட்டார், இப்போது கோடையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது. கேட் பக்கத்தில் ஒரு குழாய் போட்டிருக்கிறோம். வாட்ச்மேன் சம்சாரம் யாரையும் கேட்காமல் பிடித்துக் கொள்கிறாள். போன மாதம் ஊருக்குப் போய் வந்தவள், முந்தானையில் முடிந்து வந்த விதைகளை என் கையில் கொட்டினாள்.

"ஆவாரை, அம்மா. எங்க வேலியோரத்துது. பொரட்டாசிக்கு ஆகும், வெச்சிருங்க" என்றாள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.